உப்பளக் கணக்குப்பிள்ளையின் ரத்த அழுத்தம்: மாத்திரை மாறிய நான்கு மாதங்கள்

மார்ச் முதல் வாரம். காலை 11 மணி வெயிலில் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டபடி உள்ளே வந்தார். இரண்டு கணுக்காலும் வார் மாட்ட முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டரம்மா, கிட்னி போயிட்டுன்னு சொல்லுதாங்க. உள்ளத மறைக்காம சொல்லுங்க."

வயது 61. தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதியவர். இப்போதும் சீசன் மாதங்களில் காலையில் போய் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு மதியம் திரும்புவார். ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து 9 வருடமாகிறது. சர்க்கரை நோய் இல்லை. பீடி, சிகரெட், குடி எதுவும் இல்லை. அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த நிகழ்வில் அபூர்வமான நோய் எதுவும் இல்லை. தினமும் என் அறைக்கு வரும் பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் இவரைப் போலத்தான் வருகிறார்கள். இருந்தும் இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இந்த நான்கு மாதத்தில் அவருடைய பொட்டாசியம் ஒருமுறை பயப்படும் அளவுக்கு ஏறியது. சோடியம் ஒருமுறை இறங்கியது. இரண்டுமே யாரும் கவனக்குறைவாக இருந்ததால் நடந்தவை அல்ல. எல்லோரும் அக்கறையோடு செய்த காரியங்கள் ஒன்றோடொன்று மோதியதால் நடந்தவை. அதில் என் பங்கும் இருக்கிறது.

வந்தபோது இருந்த நிலை

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து எடுத்ததில் வலது கையில் 172/96, இடது கையில் 166/94. எழுந்து நின்றபின் 164/92. நாடி 78, சீராக இருந்தது. உயரம் 166 செ.மீ., எடை 74 கிலோ. கணுக்கால் வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. நுரையீரலில் நீர்ச் சத்தம் இல்லை. படுத்தால் மூச்சு முட்டவில்லை. இதயம் தளர்ந்து வரும் வீக்கம்போல் எனக்குத் தோன்றவில்லை.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2, பொட்டாசியம் 4.3, சோடியம் 138. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 69 வந்தது. கிட்னி போகவில்லை, ஆனால் முழுச் சுகமாகவும் இல்லை. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 48 மி.கி. அல்புமின் என்ற புரதம் கசிந்துகொண்டிருந்தது. 30-க்குக் கீழே இருக்க வேண்டியது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் லேசாகத் தடித்திருந்தது. துடிப்பு வலுவாக இருந்தது. வருடக்கணக்காக அழுத்தம் சரியாகக் கட்டுக்குள் இல்லை என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

மஞ்சப்பையில் இருந்தவை

புதிதாக யார் வந்தாலும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன். சீட்டில் எழுதியிருப்பது வேறு, உள்ளே போவது வேறு. மறுநாள் அவர் மனைவி மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார்.

ஆம்லோடிபின் 10 மி.கி., ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. முன்பு 5 மி.கி.யாக இருந்ததை இரண்டரை மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில் கூட்டியிருந்தார்கள். ஃப்யூரோசமைடு 40 மி.கி., அதாவது நீர் பிரிவதற்கான மாத்திரை. கால் வீங்கியபின் சேர்த்தது. பழைய ஆம்லோடிபின் 5 மி.கி. அட்டை ஒன்று பாதி தீர்ந்த நிலையில். பிறகு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் மஞ்சள் நிற மாத்திரைகள், பெயரில்லாமல். "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது பிரஷர் மாத்திரை இல்லம்மா, முட்டுவலிக்கு. கடையில குடுப்பான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." கடையில் விசாரித்ததில் டைக்ளோஃபினாக் 50 மி.கி. என்று தெரிந்தது. ஆறேழு மாதமாக, நாளுக்கு இரண்டு.

அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் கதை தெளிவாகத் தெரிந்தது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கும், அழுத்தம் கூடும். அழுத்தம் கூடியதைப் பார்த்து ஆம்லோடிபினை இரட்டிப்பாக்கினார்கள். ஆம்லோடிபின் 5 மி.கி.யில் சிலருக்கே வரும் கால் வீக்கம் 10 மி.கி.யில் பலருக்கு வரும். வீக்கத்தைப் பார்த்து நீர் மாத்திரை சேர்த்தார்கள். ஒரு மாத்திரையின் விளைவை இன்னொரு நோய் என்று நினைத்து அடுத்த மாத்திரை. அவரவர் நிலையில் ஒவ்வொன்றும் நியாயமான முடிவுதான். முட்டுவலி மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் அதை மருந்தாக நினைத்துச் சொல்லவில்லை.

ஆம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஏன் கேட்பதில்லை என்பதை அவருக்கு உப்பளத்தை வைத்தே சொன்னேன். பாத்திக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டு, வெளியேறும் வாய்க்காலைப் பழையபடியே விட்டால் கரை கசியும். ஆம்லோடிபின் உள்ளே கொண்டுவரும் சிறு தமனிகளை விரிக்கிறது. வெளியே கொண்டுபோகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நீர் சதைக்குள் கசிகிறது. உடம்பில் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது. அவர் தலையசைத்தார். "அப்ப கரையத்தான் பாக்கணும், கடலப் பாத்து என்ன செய்ய."

முதல் பத்து நாள்

172 என்ற எண்ணைப் பார்த்தவுடன் புது மாத்திரை எழுதத்தான் கை போகும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி எதுவும் இல்லாதபோது அந்த அவசரம் தேவையில்லை. முதலில் சேரக்கூடாததை எடுத்தேன். டைக்ளோஃபினாக் நிறுத்தம், முட்டுக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி. ஃப்யூரோசமைடும் நிறுத்தம். ஆம்லோடிபின் அப்போதைக்கு அப்படியே.

கூடவே வீட்டில் அளக்கக் கற்றுக்கொடுத்தேன். மேல்கையில் சுற்றும் மானிட்டரை மகன் வாங்கி வந்தார். என் முன்னால் அளந்து காட்டச் சொன்னபோது அவர் காலை மடித்துப்போட்டு, கையைத் தொங்கவிட்டு, மனைவியிடம் ரேஷன் கடை விஷயம் பேசிக்கொண்டே பட்டனை அழுத்தினார். 168. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்தபின் அளந்ததில் 158. அதே ஆள், அதே மெஷின், இடையில் ஏழெட்டு நிமிடம். அந்தப் பத்துப் புள்ளிக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தால் அது வீண் மாத்திரை.

காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை, மாலையிலும் அப்படியே, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி. வீட்டுக் கணக்கில் 135/85-க்கு மேல் என்றால் உயர்வு. அவர் கணக்குப்பிள்ளை அல்லவா? நீளமான கணக்கு நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, தேதி, காலை, மாலை, நாடி என்று பத்தி பிரித்துக்கொண்டு வந்தார். கடைசியில் அகலமாக ஒரு பத்தி: "விவரம்." அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எங்கே போனார், என்ன மாறியது என்பதையெல்லாம் அதில் குறித்திருந்தார். நான் கேட்காதது அது. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தப் பத்திதான்.

பத்தாம் நாள் வீட்டுச் சராசரி 156/90, என் அறையில் 162/92. இறங்கியது முழுவதும் வலி மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் பயம், சரியாக அளக்கப் பழகியது, இரண்டும் அதில் கலந்திருக்கும். எப்படியானாலும் புது மருந்தை 172-லிருந்து தொடங்காமல் 156-லிருந்து தொடங்க முடிந்தது.

மருந்து மாற்றம்

சிறுநீரில் அல்புமின் கசிவதால் டெல்மிசார்ட்டன் வகை இவருக்குப் பொருத்தம். அது அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கும். சிரைகளையும் விரிப்பதால் ஆம்லோடிபின் வீக்கமும் தணியும். எனலாப்ரில் வகையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் வறட்டு இருமல் வருகிறவர்கள் கணிசம். டெல்மிசார்ட்டன் 40 மி.கி. தொடங்கி, ஆம்லோடிபினை 5-க்கு இறக்கினேன்.

ஆம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் இறக்கும்போது எகிறும் பயம் இல்லை. எல்லா மருந்தும் அப்படி அல்ல. குளோனிடினையோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகையையோ ஒரேயடியாக நிறுத்தினால் அழுத்தமும் நாடியும் பாய்ந்து ஏறும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நாலு நாள் விட்டுவிடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டெல்மிசார்ட்டனின் முழுப் பலன் தெரிய நான்கு வாரம் வேண்டும். "ஒரு வாரமா போடுதேன், எறங்கவே இல்லியே" என்று அவர் போன் செய்தபோது, "பாத்தியில தண்ணி கட்டின மறுநாளே உப்பு வாருவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவசரப்படவில்லை.

இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்தோம். கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 4.7. இந்த வகை மருந்து தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்தக்கூடாது. வீட்டுச் சராசரி 148/88. வீக்கம் பாதி வற்றியிருந்தது. நான்கு வாரத்தில் 144/86. அல்புமின் கசிவு இருப்பதால் 130/80-க்குக் கீழே கொண்டுவர விரும்பி, டெல்மிசார்ட்டனை 80 மி.கி. ஆக்கினேன். அது ஏப்ரல் முதல் வாரம்.

உப்பைப் பற்றி நான் பேசியதும் அவர்கள் கேட்டதும்

இந்த இடத்தில் நான் தவறினேன். முதல் வாரத்திலேயே 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்லிச் சோடியம் பார்த்திருந்தேன். 214 மி.மோல். உப்புக் கணக்கில் அது நாளுக்கு ஏறத்தாழ 12.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. அந்தத் தாளைக் காட்டி, "உப்பை நல்லாக் குறைக்கணும் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்தார். "உப்புலயே பொறந்து உப்புலயே வளந்தவன்கிட்ட உப்பக் கொறைங்கீங்களே." மனைவி மட்டும் கவலையோடு, "என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா, செஞ்சிருதேன்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினேன். எதற்குப் பதிலாக எது, எவ்வளவு, எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவர் சொன்னதை அந்தக் குடும்பம் விடவில்லை. சென்னையில் இருக்கும் மகள் படித்துப் பார்த்து, சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று இருக்கிறது, இதயத்துக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். மகன் பெரிய கடையில் நாலு பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். அந்த மகள் படித்தது பொய்யும் அல்ல. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், சோடியம் குளோரைடு 75 சதவீதமும் பொட்டாசியம் குளோரைடு 25 சதவீதமும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சீன ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை; பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இதயம் இருக்கும்; இந்த எச்சரிக்கை பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

5.9

டெல்மிசார்ட்டனைக் கூட்டி இரண்டு வாரம் கழித்து வந்தார். கால் அசதி என்றார், வேறொன்றும் இல்லை. மாலையில் ஆய்வகத்திலிருந்து போன். பொட்டாசியம் 5.9, கிரியேட்டினின் 1.4.

பொட்டாசியம் 6-ஐ நெருங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும் என்பதால் அன்றே மறுபடி எடுக்கச் சொன்னேன். 5.8. பொய் இல்லை. உடனே ஈசிஜி எடுத்தோம். பொட்டாசியம் ஏறினால் தெரியும் கூம்பிய அலைகள் எதுவும் இல்லை. மூச்சு வந்தது எனக்கு.

டெல்மிசார்ட்டனை இரட்டித்ததால் மட்டும் 4.7 இவ்வளவு ஏறாது என்று தோன்றியது. திரும்ப வலி மாத்திரை போட்டாரா? இல்லை என்று சத்தியம் செய்தார். நோட்டைக் கேட்டேன். விரலை வைத்து "விவரம்" பத்தியில் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ஏப்ரல் 3: "பாக்கெட் உப்பு மாத்தியாச்சு. ருசி லேசா கசப்பு." ஏப்ரல் 6: "மாத்திரை 80." ஏப்ரல் 8 முதல் தினமும், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில்: "இளநீர் 1." சில நாளில் "இளநீர் 2."

மகனை வீட்டுக்கு அனுப்பிப் பாக்கெட்டை எடுத்து வரச் சொன்னேன். கிட்டத்தட்ட 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு. நாளுக்கு 8 கிராம் அந்த உப்பு உள்ளே போனாலே பொட்டாசியம் மட்டும் ஏறத்தாழ 1.25 கிராம் கூடுதலாகச் சேரும். ஓர் இளநீரில் அதற்கு மேல் அரை கிராமுக்குக் குறையாமல் இருக்கும். நல்ல சிறுநீரகம் இதை அலட்டிக்கொள்ளாமல் வெளியேற்றிவிடும். அல்டோஸ்டிரோன் என்ற சுரப்புதான் அந்த மடையைத் திறந்துவிடுவது. டெல்மிசார்ட்டன் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. மடையைப் பாதி அடைத்துவிட்டு, அதே வாரத்தில் வரத்தை இரண்டு பக்கம் பெருக்கியிருக்கிறோம். டைக்ளோஃபினாக்கும் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மனைவி கண்கலங்கிவிட்டார். "நல்லதுன்னுதானே வாங்குனோம்." நல்லதுதான் அக்கா, வேறு வீட்டுக்கு என்றேன். சொல்லாமல் விட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

மாற்று உப்பு நிறுத்தம், இளநீர் நிறுத்தம், டெல்மிசார்ட்டன் மறுபடி 40. மூன்றாம் நாள் பொட்டாசியம் 5.3, பத்தாம் நாள் 4.7. கிரியேட்டினின் 1.3-க்குத் திரும்பியது. அழுத்தம் 142/86-ல் நின்றது. காலையில் குளோர்தாலிடோன் 6.25 மி.கி. சேர்த்தேன். உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். பொட்டாசியத்தையும் கூடவே கொஞ்சம் இறக்கும் என்பதால் இவருக்குப் பொருந்தும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் சோடியம் பார்க்க வரச் சொன்னேன்.

அடுப்படியில் தராசு

இந்த முறை உப்புக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம். உப்பு ஜாடியையும் அதில் கிடக்கும் கரண்டியையும் அப்படியே எடுத்து வரச் சொன்னேன்.

முதல் கேள்வி: "ஒரு கிலோ உப்பு வீட்டுக்கு எத்தனை நாள் வரும் அக்கா?" நான்கு பேர், எல்லோரும் பெரியவர்கள். யோசித்து, "இருபத்தஞ்சு நாள் வரும்" என்றார். ஒரு கிலோவை 25 நாளாலும் நாலு பேராலும் வகுத்தால் தலைக்கு 10 கிராம். கணக்குப்பிள்ளை நான் சொல்லும் முன்பே மனக்கணக்காகச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். சோறு வடித்த கஞ்சியோடு கொஞ்சம் போயிருக்கும். கருவாடு, ஊறுகாய், பேக்கரி வழியாக அதைவிட அதிகமாக வந்திருக்கும். சிறுநீர் சொன்ன 12.5 பொருந்திவந்தது. 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து வைப்பது பலருக்குச் சிரமம். ஒரு பாக்கெட் பிரிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதுவது யாருக்கும் சிரமம் இல்லை.

பிறகு குழம்புக்குப் போடுவது மாதிரி ஒரு கரண்டி எடுக்கச் சொல்லிச் சின்ன எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். கோபுரமாகக் குவிந்திருந்த அந்தக் கரண்டியில் 11 கிராம். விரலால் வழித்துத் தட்டையாக்கினால் 6. "இம்புட்டு நாளா ரெண்டு ஆளு உப்ப ஒரு கரண்டியில போட்டிருக்கனா!" என்றார்.

கல் உப்பு பிரஷரை ஏற்றாது, பொடி உப்புதான் ஏற்றும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்துப்பைப் பற்றியும் அப்படியே. எடைக்கு எடை எல்லாவற்றிலும் சோடியம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் கரண்டிக்கு எடை கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஏப்பத்துக்குக் குடிக்கும் நுரைக்கும் பொடியிலும் சோடியம் நிறைய உண்டு.

என்ன செய்வது என்று மனைவியே திட்டம் போட்டார், நான் ஒத்துப்பாடினேன். சோற்றுக்கு உப்பு இல்லை. குழம்புக்கும் கூட்டுக்கும் கடைசியில் வந்து நிற்க வேண்டியது வழித்த கரண்டி, அதுவும் இறக்கும் நேரத்தில். முதல் வாரம் கொஞ்சம் குறைத்து, வாரா வாரம் கீழே. திடீரென்று பாதியாக்கினால் தட்டிலேயே ஒதுக்கிவிடுவார். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். புளியும் மிளகும் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலாக. பழைய கஞ்சிக்கு மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம். சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் கிடையாது. கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. இந்தக் கடற்கரையில் அது முடிகிற காரியம் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசி, குழம்பில் வேறு உப்பே போடாமல்.

உப்பளத்தில் வேலை பார்ப்பவனுக்கு வியர்வையில் உப்பு போகுமே என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. கொட்டகையில் உட்கார்ந்து கணக்கெழுதும் அப்பாவுக்கு அது பொருந்தாது. அதே உப்பளத்தில் மே மாத வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும் ஆளுக்கு அழுத்தமும் இருந்து நீர் மாத்திரையும் எழுதப்பட்டிருந்தால், இதே அறிவுரையை அப்படியே தரக் கூடாது. அவர்களுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னிடம் வரும் உப்பளத் தொழிலாளர்களுக்கு நீர் மாத்திரையைக் கடைசியில்தான் நினைக்கிறேன்.

அக்னி நட்சத்திரத்தில்

சோடியம் பார்க்க வர வேண்டிய நாளில் அவர் வரவில்லை. உப்பு விளைச்சல் உச்சத்தில் இருந்த நேரம், லாரிக் கணக்கு. மே மூன்றாம் வாரம் மகன் தாங்கலாக அழைத்து வந்தார். காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவருக்குக் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாராம்.

உட்கார்ந்து 112/70. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 90/60, நாடி 92. சோடியம் 132, பொட்டாசியம் 4.0. நோட்டைத் திருப்பினால் கடைசிப் பத்து நாளில் 138, 130, 124, 118 என்று படி இறங்கி வந்திருக்கிறது. எண் குறையக் குறைய அவருக்குச் சந்தோஷம். போன் செய்யத் தோன்றவில்லை. எப்போது ஏறினால் கூப்பிட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன். எப்போது இறங்கினால் கூப்பிட வேண்டும் என்று எழுதவில்லை.

நடந்தது இதுதான். மாற்று உப்பு வாங்கிய காலத்தில் உப்பு குறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். உண்மையில் பெரிதாகக் குறையவில்லை. அந்த அழுத்தத்தைப் பார்த்து நான் குளோர்தாலிடோன் சேர்த்தேன். சேர்த்த அடுத்த வாரம்தான் அடுப்படியில் நிஜமான குறைப்பு தொடங்கியது. உப்பு குறைந்த உடம்பில் டெல்மிசார்ட்டன் இன்னும் வலுவாக வேலை செய்யும். அதன்மேல் நீர் மாத்திரை, அதன்மேல் கத்திரி வெயில். பன்னிரண்டு கிராம் உப்புக்கு அளந்து எழுதிய மருந்தை ஏழு கிராம் உப்பு சாப்பிடுகிறவர் விழுங்கிக்கொண்டிருந்தார்.

குளோர்தாலிடோனை நிறுத்தினேன். "அப்ப உப்பக் கொஞ்சம் கூட்டிரலாமா டாக்டரம்மா?" என்று மனைவி கேட்டார். வேண்டாம், மாத்திரைதான் வழிவிட வேண்டும் என்றேன். குளோர்தாலிடோன் உடம்பில் நெடுநேரம் தங்கும். அதனால் மூன்று நான்கு நாளுக்கு எழுந்திருக்கும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு எழச் சொன்னேன். கொட்டகைக்கு ஒரு வாரம் விடுப்பு. ஐந்தாம் நாள் தலைசுற்றல் இல்லை. இரண்டு வாரத்தில் சோடியம் 137.

நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: மேல் எண் இரண்டு நாள் தொடர்ந்து 105-க்குக் கீழே வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ அன்றே கூப்பிட வேண்டும். வாந்தி பேதி நாட்களில் டெல்மிசார்ட்டனை நிறுத்தி வைப்பதா என்று கேட்காமல் தொடரக் கூடாது.

ஜூன் கடைசியில்

டெல்மிசார்ட்டன் 40, ஆம்லோடிபின் 5. இரண்டு மாத்திரை மட்டும். வீட்டுச் சராசரி 126/78, நின்றால் 120/76. கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.6. சிறுநீரில் அல்புமின் 48-லிருந்து 22. 24 மணி நேரச் சோடியம் 116 மி.மோல், உப்புக் கணக்கில் 6.8 கிராம். ஐந்துக்கு இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் நான் நெருக்கப்போவதில்லை. பன்னிரண்டரையிலிருந்து இவ்வளவு இறங்கியதே ஒரு மாத்திரை செய்யும் வேலையைச் செய்திருக்கிறது. முட்டுவலி இருக்கிறது, ஆனால் பொட்டலம் இல்லை. செருப்பு வார் கடைசித் துளையில் மாட்டுகிறது. அதைக் குனிந்து காட்டினார்.

மனைவிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை தருகிறார்கள். ஒரே வீட்டில் இருவர் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடந்ததைப் பிரித்து, அவருக்குச் சிவப்பு மூடி, அவர் மனைவிக்குப் பச்சை மூடி என்று மகன் வைத்திருக்கிறார். பழைய 10 மி.கி. அட்டையைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிட்டார்கள். உப்பு குறைந்தபின் மனைவியின் அழுத்தமும் இறங்கியிருக்கிறது; அவர் மாத்திரையையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நோட்டில் இப்போது இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது, அதே சிவப்புக் கோட்டோடு: "உப்பு பாக்கெட் பிரித்தது." கடைசியாகப் பிரித்த ஒரு கிலோ, நாலு பேருக்கு 38 நாள் வந்திருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை செப்டம்பரில். அதற்கடுத்தது ஐப்பசியில், மழை இறங்கி உப்பளம் மூடியபின்.